மூச்சை அடக்கினால் உலகம் அடங்கும்: எங்கள் வில்லனுக்குச் சக்தி தேடிய ஏழு வாரம்

பன்னிரண்டு பக்கத்தில் ஒரு காமிக்ஸ். எழுதுவது நான், வரைவது என் தங்கை. கதையின் நாயகனே வில்லன். கடைசியில் திருந்திவிடுகிற வில்லன் வேண்டாம், கடைசிக் கட்டம் வரை தவறான பக்கத்திலேயே நிற்கிறவன் வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம். அவனுக்கு என்ன சக்தி கொடுப்பது என்பதை முடிவு செய்யத்தான் ஏழு வாரம் ஆனது. வரைந்து தூக்கிப் போட்ட காகிதம் நாற்பதுக்கு மேல். என்னென்ன முயன்றோம், எது ஏன் உடைந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

தொடங்கும்போது கையில் இருந்தது கொஞ்சம்தான். பெயர் நாதன். சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்வது தொழில். நாற்பதை நெருங்கும் வயது. ஒரு மகள்.

சக்தியைப் பேசிப் பேசித் தீர்மானிக்க முடியாது என்று இரண்டே மாலையில் புரிந்துவிட்டது. பேச்சில் எல்லாச் சக்தியும் பிரமாதமாகத்தான் இருக்கிறது. அதனால் ஒரு சோதனைக் காட்சி வைத்துக்கொண்டோம். இரவில் நாதன் ஓர் அலுவலகத்துக்குள் புகுகிறான். பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுக்கிறான். வெளியே வரும்போது அவனுக்குத் தெரிந்த ஒருவர் எதிரே நிற்கிறார். மொத்தம் ஆறு கட்டம், பென்சிலில் மட்டும், வசனமே இல்லாமல். ஒவ்வொரு சக்தியையும் இதே காட்சியில் போட்டு வரைந்து பார்ப்பது. படத்தைப் பார்த்தவுடன் அவன் என்ன செய்கிறான் என்று புரிய வேண்டும். நடுவில் எங்காவது சக்தியே அவனுக்குச் சிக்கலாக வேண்டும். ஆறாவது கட்டத்தில், தெரிந்த முகத்தைப் பார்த்தபின், அவன் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

இந்த மூன்றாவதுதான் எனக்கு உயிர். நாயகன் கதையில் வில்லன் வந்து தொல்லை கொடுப்பான், நாயகன் அதைச் சமாளிப்பான். வில்லனே நாயகனாக இருக்கும்போது தொல்லை அவனிடமிருந்து தொடங்க வேண்டும். அவன் முடிவெடுக்காவிட்டால் கதையே நகராது.

சக்திப் பட்டியல் என்றதும் முதலில் நினைவுக்கு வந்தவை அட்டமா சித்திகள். அணிமா, மகிமா, இலகிமா, கரிமா, பிராத்தி, பிராகாமியம், ஈசத்துவம், வசித்துவம். அணுவாகச் சிறுப்பதும் மலையாகப் பெருப்பதும் காற்றாக லேசாவதும் அசைக்க முடியாதபடி கனப்பதும் முதல் நான்கு. இந்த நான்கையும் ஒரே மாலையில் கழித்துவிட்டோம். பார்க்க அழகாக இருக்கின்றன, ஆனால் ஆறாவது கட்டத்தில் நாதனுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சிறுத்து ஓடிவிடுகிறான், அல்லது மிதந்து போய்விடுகிறான்.

வசித்துவத்தில், அதாவது எல்லோரையும் வசப்படுத்துவதில், எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் 1933இல் தாங்களே உருட்டி அச்சிட்ட ஒரு சிறு இதழில் முதன்முதலாக அந்தப் பெயரைப் பயன்படுத்தியபோது, அவன் ஒரு வில்லன். இலவச உணவுக்கு வரிசையில் நிற்கும் ஏழை ஒருவனுக்கு ஒரு விஞ்ஞானி மருந்து கொடுக்கிறார். அவனுக்குப் பிறர் மனத்தைப் படிக்கவும் ஆட்டிவைக்கவும் முடிகிறது, உலகத்தை ஆளப் புறப்படுகிறான், மருந்தின் வீரியம் தீர்ந்ததும் பழையபடி அதே வரிசைக்குத் திரும்புகிறான். காரைத் தூக்கும் சூப்பர்மேன் 1938இல்தான் வருகிறான். ஆக, அந்தப் பெயரின் முதல் சொந்தக்காரனே மனத்தை ஆட்டுகிறவன்.

வரைந்து பார்த்தோம். காவலாளி தானே கதவைத் திறக்கிறார், தானே அலமாரியைத் திறக்கிறார், கோப்பைக் கையில் கொடுக்கிறார். நாதன் நடுவில் சும்மா நிற்கிறான். ஆறு கட்டத்திலும் அவன் கை அசையவே இல்லை. எதிரே வந்த தெரிந்தவரும் மறந்துவிட்டுப் போகிறார். மருந்து தீர்ந்துபோகும் என்ற ஒன்று மட்டும்தான் அந்தப் பழைய கதைக்கு விறுவிறுப்பைக் கொடுத்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. எதிர்ப்பே இல்லாத இடத்தில் கதைக்குப் பிடிமானம் இல்லை. கைவிட்டோம்.

அடுத்தது பிராகாமியம். இதற்குக் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்றுதான் பலரும் பொருள் சொல்கிறார்கள். இதில் ஒரு விலை தானாகவே அமைந்திருக்கிறது. திருமூலர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, அவனைச் சுற்றி அழும் மாடுகளைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் உடலில் புகுகிறார். திரும்பி வந்து பார்த்தால் தன் உடலைக் காணோம். இரக்கத்தில் செய்த காரியம், அதற்கு வாழ்நாள் முழுக்க விலை. எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், நான்கு பக்கம் எழுதிவிட்டேன். தங்கை வரைந்துகொண்டு வந்து வைத்தாள்.

"அண்ணா, மூணாவது கட்டத்துல இருக்கிற ஆளு யாரு?"

எழுதிய எனக்கே தெரியவில்லை. காமிக்ஸில் வாசகர் ஆளை அடையாளம் காண்பது முகத்தையும் உடல்வாகையும் வைத்து. கட்டத்துக்குக் கட்டம் உடல் மாறினால், நெற்றியில் ஒரு குறி போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். ஒருமுறை போட்டுப் பார்த்தோம், குறி இருக்கிறவன் நாதன் என்று. கண் குறியைத்தான் தேடுகிறது, மனிதனைப் பார்ப்பதில்லை. நாவலுக்கு இது அருமையான சக்தியாக இருக்கலாம். பன்னிரண்டு பக்கப் படக்கதைக்கு ஆகாது.

பிறகு மறைந்துபோவது. இதை எடுக்காமல் யாருமே இருக்க மாட்டார்கள். நானும் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவன். 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் தொடங்கி, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்த கதை. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் லூயிஸ் கிராண்டேலுக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பின்னாளில் அவன் நல்லவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டதால் பலருக்கு ஒன்று நினைவிருப்பதில்லை: தொடக்கத்தில் அவன் வில்லன்தான்.

அந்தக் கதையைத் திரும்ப எடுத்து, சக்தி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். மறைய வேண்டுமென்றால் மின்சாரம் தேடிப் போக வேண்டும். மறைந்தாலும் கை காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட முக்கியம், ஓவியருக்கு வரைய ஒரு பொருள் இருக்கிறது. முழுக்க மறைந்தவனை எப்படி வரைவது? காலி அறையைத்தான் வரைய வேண்டும். அந்தரத்தில் ஒரு கை கதவைத் திறக்கிறது என்றால் அது படம். இந்த ஒரு பாடம் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் நாங்கள் எப்படி மறைத்தாலும் அந்தக் கையின் நிழல் எங்கள் மேல் விழுந்தது. இரும்புக்கைக்குப் பதில் கண்ணாடி, காலணி, நிழல் என்று மூன்று நாள் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டோம்.

மூன்று வாரம் போயிருந்தது. கொஞ்சம் சோர்வு. அப்போது சக்திகளைத் தள்ளி வைத்துவிட்டு வரங்களைப் பற்றி யோசித்தேன். நம் புராணங்களில் வில்லன்கள் எல்லோரும் வரம் கேட்டு வாங்குகிறவர்கள். இரணியன் மனிதனாலும் மிருகத்தாலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் சாவு வேண்டாம் என்று கணக்குப் போட்டுக் கேட்கிறான். பஸ்மாசுரன் கேட்ட வரம் அவன் தலைக்கே வந்துவிடுகிறது. இவர்களைவிட என்னைப் பிடித்து உலுக்கியது இராவணன் கேட்ட வரம். தேவர், அசுரர், யட்சர் எல்லோரையும் சொல்லி, அவர்களால் எனக்குச் சாவு வரக் கூடாது என்று கேட்கிறான். மனிதரைச் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டதில்லை. மனிதர் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவனுடைய அலட்சியம் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில்தான் வரத்தில் ஓட்டை விழுந்தது.

இதுவரை நான் செய்தது தலைகீழ் வேலை. கடையில் சட்டை எடுப்பதுபோல ஒரு சக்தியை எடுத்து, அது நாதனுக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரம் என்றால் முதலில் கேட்க வேண்டியது, இவன் வாய் திறந்து என்ன கேட்பான் என்பதை. அதற்குப் பிறகு, கேட்கும்போது எதை நினைக்காமல் விடுவான் என்பதை.

நாளெல்லாம் காதில் ஹெட்போனோடு வேலை செய்கிற மனிதன் என்ன கேட்பான்? நிசப்தம் கேட்பான்.

நான்காவது வாரம் முழுக்க உற்சாகம். ஆனால் நான் முதலில் எழுதிய வடிவம் தவறு. நாதன் சுற்றியிருக்கும் சத்தத்தை உறிஞ்சிச் சேர்த்துவைத்து, வேண்டும்போது வெடியாக வெளியே விடுகிறான் என்று எழுதினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்கவே இல்லை. ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது வெளியாகும் ஒலி ஆற்றல் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். உரக்கக் கத்தினால் ஏறத்தாழ ஒரு மில்லிவாட். ஐம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் மொத்தம் ஐம்பது வாட்தான், ஒரு பழைய குண்டு பல்பின் அளவு. அந்த ஆற்றலில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அத்தனை பேரும் இருபது நிமிடத்துக்கு மேல் விடாமல் கத்த வேண்டும். காமிக்ஸுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கலாம்தான். ஆனால் வரைந்த படமும் அதையே சொன்னது. நாதன் கையிலிருந்து ஒளிக்கற்றை மாதிரி ஏதோ பாய்கிறது, சுவர் உடைகிறது. நூறு காமிக்ஸில் பார்த்த படம். ஒலிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

வெடியை வெட்டி எறிந்தோம். சத்தம் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டோம். அந்த வடிவத்தைத் தங்கை ஆறு கட்டமாக வரைந்து வந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

தமிழில் காமிக்ஸ் செய்கிறவர்களுக்கு ஒரு சொத்து உண்டு, ஒலிக்குறிப்புச் சொற்கள். தடதட, கடகட, சலசல, படபட, டமார், தொப், க்ரீச். முதல் இரண்டு கட்டத்தில் இவற்றை நெருக்கமாக எழுதியிருந்தாள். மின்விசிறி கடகட, மழை சடசட, காவலாளியின் வானொலி கொரகொர. மூன்றாவது கட்டத்தில் ஒன்றுகூட இல்லை. மழை பெய்கிறது, விசிறி சுற்றுகிறது, காவலாளி வாயைத் திறந்து ஏதோ சொல்கிறார், அவர் தலைக்கு மேல் வசனம் எழுதும் பலூன் வெறுமையாக இருக்கிறது. அந்த வெற்றுப் பலூனைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சத்தமே இல்லாத காகிதத்தில், சத்தம் போய்விட்டதைப் பார்க்க முடிகிறது. நாவலில் இதைச் சொல்லத்தான் முடியும். இங்கே வாசகர் கண்ணாலேயே காது அடைத்துப்போகிறார்.

ஆனால் மறுநாளே அவள் ஒரு குறை சொன்னாள். "அண்ணா, நிறுத்துனது இவன்தான்னு எப்படித் தெரியும்? முகத்துல ஏதாவது வேணும்." இரும்புக்கையின் பாடம் அங்கே கை கொடுத்தது. வரையக்கூடிய ஓர் அடையாளம் வேண்டும். கையை உயர்த்துவது, கண் ஒளிர்வது என்று என்னென்னவோ யோசித்துவிட்டு, மூச்சில் வந்து நின்றோம். நாதன் மூச்சை அடக்கினால் சுற்றிப் பன்னிரண்டு அடி தூரத்துக்குச் சத்தம் அடங்கிவிடும். மூச்சை விட்டதும் எல்லாம் திரும்பிவிடும்.

இது தானாக ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்தது. பழக்கமில்லாத ஒருவரால் அசையாமல் இருந்தாலே ஒரு நிமிடம் போல்தான் தாக்குப்பிடிக்க முடியும், படியேறி ஓடினால் அதில் பாதிகூட வராது. ஒவ்வொரு திருட்டுக்கும் அவன் நெஞ்சுக்குள்ளேயே காலக்கெடு.

நான் முதலில் அவன் நினைத்தால் மட்டும் சக்தி வேலை செய்யும் என்று எழுதியிருந்தேன். அதை மாற்றியதுதான் இந்த ஏழு வாரத்தில் நாங்கள் செய்த நல்ல திருத்தம். எதற்காக மூச்சு நின்றாலும் சத்தம் அடங்கிவிடும் என்று ஆக்கினோம். மனிதர் திடுக்கிட்டால் மூச்சு ஒரு கணம் நிற்கும். ஆக, நாதன் பயந்தால் அறை ஊமையாகிவிடும். அவன் பயத்தை எல்லோரும் உணர்ந்துவிடலாம். ஆறாவது கட்டத்தில் தெரிந்தவர் எதிரே வந்து நிற்கும்போது அவர் பேசிய வாக்கியம் பாதியில் அறுகிறது. "நாதா, நீ இங்க எ" என்று நின்று, பலூனின் மீதிப் பாதி வெறுமை. அவருக்குப் புரிந்துவிடுகிறது. இனி நாதன் என்ன செய்வான்? சோதனைக் காட்சி முதன்முறையாகத் தேறியது.

அடுத்து விதிகள். தன் வட்டத்துக்குள் அவனுக்கும் எதுவும் கேட்காது. ஒருவர் குரலை மட்டும் பிரித்து நிறுத்த முடியாது. காற்றில் வரும் ஒலிதான் நிற்கும், தரையிலும் சுவரிலும் வரும் அதிர்வு நிற்காது. இந்தக் கடைசி விதியைச் சும்மா ஒரு வரம்பு வேண்டுமே என்று எழுதினேன், அதிலிருந்து எதிராளியே பிறந்துவிட்டாள். இரவுக் காவலுக்கு வரும் காது கேளாத பெண். மற்றவர்கள் தடுமாறுகிற வட்டத்துக்குள் அவள் எப்போதும்போல இருக்கிறாள், தரையின் அதிர்வில் ஆள் நடமாட்டத்தை அறிகிறாள், தோழியோடு கைகளால் பேசிக்கொள்கிறாள். ஒன்றும் புரியாமல் நிற்பது நாதன். சைகை மொழி நாட்டுக்கு நாடு வேறு. எழுத்துகளைக் காட்டுவதில்கூட பிரிட்டிஷ் முறைக்கு இரண்டு கை, அமெரிக்க முறைக்கு ஒரு கை. அதனால் கற்பனையாகக் கையை வரையாமல், சைகை மொழியில் பேசும் ஒருவரிடம் காட்டி இரண்டு கட்டங்களைத் திருத்தி வாங்கினோம்.

இப்போது அவன் எப்படி வில்லனாகிறான் என்ற கேள்வி. முதல் முறை சக்தியைப் பயன்படுத்துவது மன்னிக்கக்கூடியதாக, நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று வாசகர் நினைக்கும்படி இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். காய்ச்சலில் தூங்காத மகளுக்காகப் பக்கத்துக் கட்டட வேலையின் இரைச்சலை நிறுத்துகிறான், மூச்சு முட்ட முட்ட, திரும்பத் திரும்ப. இரண்டாம் முறை கண்ணாடி உடைகிற சத்தம். மூன்றாம் முறை, சாட்சி சொல்ல எழுந்த ஒருவரின் வாய்.

நான்காவது, தீ. இதை நான் தேடிப் போகவில்லை, விதிகளே கொண்டுவந்து நிறுத்தின. அவன் திருட வந்த கட்டடத்தில் தீப்பிடிக்கிறது. மேல்தளத்தில் ஆட்கள் தூங்குகிறார்கள். அபாய மணி அவன் நிற்கும் இடத்துக்கு மேலேயே இருக்கிறது. புகை சூழ்ந்தால் எந்த மனிதரும் மூச்சை அடக்குவார்கள். அடக்கினால் மணி கேட்காது. மணி கேட்க வேண்டுமென்றால் அவன் மூச்சு விட வேண்டும், விட்டால் அடுத்து புகையை உள்ளே இழுக்க வேண்டும். நாதன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வாசலை நோக்கி நடக்கிறான். எட்டுக் கட்டம், ஒலிக்குறிப்பு இல்லை, வசனம் இல்லை. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, அவன் யாரையும் தொடக்கூட இல்லை. இதை எழுதி முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. இராவணன் மனிதரை விட்டதுபோல நாதன் கேட்கும்போது எதை விட்டான்? விடை அவன் தொழிலிலேயே இருந்தது. வருடக்கணக்காக உரத்த சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காது இரைச்சல் வருவதுண்டு. வெளியே சத்தமே இல்லாதபோதும் உள்ளே ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது காற்றில் வருவதில்லை, ஆகவே நாதனின் சக்தி அதைத் தொடாது. சுற்றுப்புறம் அமைதியானால் அது இன்னும் எடுப்பாகக் கேட்கும். அதனால்தான் இரைச்சல் உள்ளவர்களை மெல்லிய பின்னணிச் சத்தம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 1953இல் நல்ல செவித்திறன் உள்ள 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். நல்ல காதுக்கே அப்படி. நாதன் உலகத்தை அடக்க அடக்க, அவன் தப்பிக்க நினைத்த ஒரே சத்தம் வளர்ந்துகொண்டே போகும்.

இதை எப்படி வரைவது என்று நான் கேட்கவே இல்லை, தங்கை தானாகவே செய்துவிட்டாள். முதல் பக்கத்திலிருந்தே ஒவ்வொரு கட்டத்தின் ஓரக்கோட்டையும் "ஙொய்ங்" என்ற மிகச் சிறிய எழுத்துகளைக் கோர்த்து வரைந்திருக்கிறாள். பார்த்தால் அலங்காரக் கோடு மாதிரிதான் தெரியும். மூச்சை அடக்கும் கட்டங்களில் மட்டும் அந்தக் கோடு கொஞ்சம் தடிக்கிறது. தீக்காட்சியின் எட்டுக் கட்டத்தில் அது ஒவ்வொன்றிலும் உள்நோக்கிப் பெருத்துக்கொண்டே வந்து, எட்டாவதில் எழுத்துகளுக்கு நடுவே நாதனின் மூடிய வாய் மட்டும் மிஞ்சுகிறது.

பென்சில் வேலை ஒன்பதாம் பக்கம் வரை முடிந்திருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் மகள் தூங்கும் அறைக்கு அவன் திரும்பி வருகிறான். அங்கே அவன் மூச்சை விடுவானா, பிடித்துக்கொண்டே நிற்பானா என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவள் இரண்டையும் வரைந்து வைத்திருக்கிறாள்.